டெத் மேக்னெடிக்: கரகரப்பு எங்கிருந்து வருகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தைக் குறுந்தகட்டிலிருந்து கணினிக்கு மாற்றிக் கேட்டு வருகிறேன். பாடல்கள் பிடித்திருக்கின்றன. ஆனால் மூன்று பாடலுக்கு மேல் தொடர்ந்து கேட்க முடியவில்லை, காது களைத்துவிடுகிறது. டிரம்ஸ் அடி விழும் இடத்திலெல்லாம் ஒரு கரகரப்பு. ஹெட்ஃபோனை மாற்றியும் போகவில்லை. 2008-இல் ஆல்பம் வந்தபோதே ரசிகர்கள் இதற்காகக் கொதித்தார்களாம். என் நண்பரோ, “மெட்டல் ரசிகர்கள் எந்தப் புது ஆல்பத்தை ஏற்றுக்கொண்டார்கள்? இதுவும் பழைய புலம்பல்தான்” என்கிறார். குறை ஒலியிலா, ரசிகர்களிடமா? சரிசெய்ய வழி உண்டா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

குறை ஒலியில்தான். அதை நீங்களே பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். அதற்கு முன் உங்கள் நண்பர் சொன்னதைப் பார்ப்போம்.

2003-இல் இதே குழுவின் ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பம் வந்தபோது ரசிகர்கள் திட்டியது உண்மை. ஸ்னேர் டிரம்மின் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஒலி, ஆல்பம் முழுக்க ஒரு கிட்டார் சோலோகூட (தனி வாசிப்பு) இல்லை. இவை குழு தெரிந்தே எடுத்த முடிவுகள். பிடித்தவர்கள் கேட்கலாம், பிடிக்காதவர்கள் விடலாம். ‘டெத் மேக்னெடிக்’ விஷயம் வேறு. ரிக் ரூபின் தயாரித்த இந்த ஆல்பத்தில் ரசிகர்கள் ஏங்கிக்கிடந்த எல்லாமே திரும்பி வந்தன: வேகம், ஏழெட்டு நிமிடத்துக்கு விரியும் கட்டமைப்பு, கிட்டார் கலைஞர் கர்க் ஹேமட்டின் சோலோக்கள். அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 4,90,000 பிரதிகள் விற்றன. கோபப்பட்டவர்கள் இந்தப் பாடல்களை விரும்பியவர்கள்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட இணைய மனுவில் வேறு பாட்டு கேட்கவில்லை, பழைய மெட்டாலிக்காவையும் கேட்கவில்லை. இதே பாடல்களை மறுபடி மிக்ஸிங் (கருவிகளின் ஒலியைக் கலப்பது), மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்குவது) செய்து தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். இதைப் புலம்பல் என்று ஒதுக்குவது அநியாயம்.

அவர்கள் கையில் சான்றும் இருந்தது. அதே சமயத்தில் இந்த ஆல்பம் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டுக்கும் வெளியானது. அந்த விளையாட்டில் ஆடுபவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டார் மட்டும் நின்று மற்ற கருவிகள் தொடர வேண்டும். அதனால் ஒவ்வொரு கருவியின் ஒலித்தடத்தையும் தனித்தனியாகத் தந்தாக வேண்டும். ஒலியை உரக்கக் காட்டும் கடைசிக்கட்ட அழுத்தம் ஏறாத தடங்கள் அப்படித்தான் வெளியே வந்தன. ரசிகர்கள் இரண்டின் அலைவடிவத்தையும் அருகருகே வைத்தார்கள். விளையாட்டுப் பதிப்பில் ஒவ்வொரு டிரம்ஸ் அடியும் ஊசிபோல் எழுந்து நின்றது. குறுந்தகட்டில் வெறும் செங்கல் பாளம். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வந்து சேர்ந்தபோதே மிக்ஸ் அப்படித்தான் நசுங்கியிருந்தது என்று ஒரு மின்னஞ்சலில் எழுதியதும் வெளியானது.

இனி உங்கள் காதுக்குக் கேட்கும் கரகரப்பு. குறுந்தகட்டில் ஒலியின் உச்ச எண் 32,767. அதற்கு மேல் எழுத இடமே கிடையாது. டிரம்ஸ் அடியின் முதல் சில மில்லிவினாடிகள், பாட்டின் சராசரி அளவைவிடப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் மேலே எழும்ப வேண்டும், அப்போதுதான் அடி அடியாகக் கேட்கும். சராசரியையே தூக்கிக் கூரைக்கு மூன்று நான்கு டெசிபல் அருகில் வைத்துவிட்டால் அடி எங்கே எழும்பும்? முதலில் லிமிட்டர் (உச்சங்களைக் கட்டுப்படுத்தும் கருவி) அதை அமுக்குகிறது, மிஞ்சியது கூரையில் மோதி வெட்டுப்படுகிறது. வளைந்து இறங்க வேண்டிய அலை தட்டையாகிவிடும்போது, மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அதுதான் அந்தக் கரகரப்பு. மெட்டல் கிட்டார் ஏற்கனவே கரகரத்த ஒலி என்பதால் அதற்குள் இது ஒளிந்துகொள்ளும், டிரம்ஸில் அம்பலமாகிவிடும். நீங்கள் கவனித்த இடம் மிகச் சரி.

சோதனைக்கு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். குறுந்தகட்டிலிருந்து ஒலி இழப்பில்லாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக எடுத்த பாடலைத் திறந்து, ‘வியூ’ பட்டியலில் கிளிப்பிங்கை, அதாவது இந்த வெட்டைக், காட்டும் வசதியை இயக்குங்கள். உச்சத்தைத் தொட்ட இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். இங்கே பலர் ஏமாறுவது உண்டு. வெட்டுப்பட்ட பிறகு மொத்த ஒலியையும் 0.2 டெசிபல் இறக்கியிருந்தால் ஒரு சிவப்புக் கோடும் வராது, ஆனால் அலை தட்டையாகத்தான் இருக்கும். எனவே ஸ்னேர் அடி ஒன்றைப் பிடித்து, திரையில் பத்து மில்லிவினாடி, அதாவது 441 புள்ளிகள், தெரியும் வரை பெரிதாக்குங்கள். அடுத்தடுத்த புள்ளிகள் மேசைப்பலகைபோல் ஒரே உயரத்தில் நின்றால் அது கிளிப்பிங்தான். எம்பி3 கோப்பில் இதைச் செய்யாதீர்கள். சுருக்கும்போது அலைவடிவம் மாறிவிடுவதால் தட்டை முகடுகள் கலைந்து தெரியும்.

வேறு பதிப்போடு ஒப்பிடுவதானால் இரண்டையும் தனித்தனியே ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ மூலம் -23 லஃப்ஸ் (காது உணரும் உரப்பின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைத் தவிர்த்தால் ஒப்பீடே பொய். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால்கூட நம் காது அதைத்தான் நல்ல ஒலி என்று தேர்ந்தெடுக்கும். ஆல்பங்களை இப்படி உரக்க அடைப்பதற்குக் காரணமும் இந்தப் பலவீனம்தான்.

முழுத் தீர்வு உங்கள் கையில் இல்லை. இழந்த முகடு கோப்பில் எங்குமே இல்லையே. ஆடாசிட்டியில் ‘கிளிப் ஃபிக்ஸ்’ இருக்கிறது. வரம்பு 95 சதவீதம், முகடு எழ இடம்விட -9 டெசிபல் என்ற அதன் இயல்பு அளவுகளோடு தொடங்கலாம். பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஊகித்து முகட்டை வரைகிறது. சில புள்ளிகளே வெட்டுப்பட்ட இடத்தில் கரகரப்பு குறையும், லிமிட்டர் அமுக்கிய அடியின் பலம் திரும்பாது. இதே குறுந்தகட்டுப் பதிப்பை ஒலியளவைச் சமன்செய்யும் ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்டாலும் இதே கதைதான்: சத்தம் இறங்கும், வெட்டு அப்படியே இருக்கும்.

ஒன்றை உடனே செய்யுங்கள். ஈக்வலைசரில் பேஸையோ ட்ரெபிளையோ ஏற்றியிருந்தால், அதிலுள்ள ப்ரீஆம்பை (மொத்த ஒலியளவு) -6 டெசிபலுக்கு இறக்குங்கள். ஏற்கனவே கூரையைத் தொட்ட ஒலியை மேலும் ஏற்றினால் உங்கள் கருவியும் தன் பங்குக்கு வெட்டும்.

ஹெட்ஃபோனுக்கு இனியும் செலவழிக்க வேண்டாம். தெளிவான ஹெட்ஃபோன் இந்த ஆல்பத்தின் கரகரப்பை இன்னும் தெளிவாகத்தான் காட்டும்.