சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது யார், அண்ணாச்சி?

அண்ணாச்சி,

போன சனிக்கிழமை வள்ளியூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேச்சின் பாதியிலேயே எழுந்து ஓடினீர்கள். பாப்பாவைச் சேர்க்கலாமா என்று கேட்டுக் கொண்டுவந்த அந்தக் கல்லூரி நோட்டீஸை என் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போனதும் நல்லதாகப் போயிற்று. சாவகாசமாகப் படித்தேன்.

முதல் பக்கத்தில் பொன்னாடையோடு ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தாளாளர், நடுவே இரண்டு குட்டிக் கொடிகள். கீழே கொட்டை எழுத்தில், 'ட்வின்னிங் ஆனர்ஸ்: 2 வருஷம் இங்கே, 2 வருஷம் அங்கே'. பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டேன். பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்று ஓரிடத்திலும் இல்லை.

படத்தில் இருப்பது புரிந்துணர்வு ஒப்பந்தம். அது நிச்சயதாம்பூலம்கூட இல்லை, பெண் பார்த்துவிட்டுப் போன மாதிரி. அங்கிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஒரு வாரம் பாடம் எடுப்பார், ஒரு கருத்தரங்கு நடக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்காக நீங்கள் கடையை அடகு வைக்க வேண்டாம்.

பட்டம் வரைக்கும் போகிற கூட்டுக்கு யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022-ல் தனி விதிமுறை போட்டிருக்கிறது. ட்வின்னிங் என்றால் பட்டம் நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தினுடையது. வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட், அதாவது பாடத்துக்குப் பாடம் சேரும் புள்ளி, மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போது கணக்குப் போடுங்கள். நாலு வருஷப் படிப்புக்கு 160 கிரெடிட். அதில் 30 சதவீதம் 48. செமஸ்டருக்கு 20 என்றால் இரண்டரை செமஸ்டர்கூடத் தேறாது. அப்புறம் 'ரெண்டு வருஷம் அங்கே' எப்படி ட்வின்னிங் ஆகும்? கடைக் கணக்கு பார்க்கிற உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

பாதிப் படிப்பு அங்கே என்றால் அது கூட்டுப் பட்டமாகவோ இரட்டைப் பட்டமாகவோ இருக்க வேண்டும். கூட்டுப் பட்டத்தில் ஒரே சான்றிதழ், இரண்டு பல்கலைக்கழக முத்திரையும் இருக்கும். இரு பக்கமும் குறைந்தது 30 சதவீதம் படிக்க வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இரண்டும் தனித்தனியாகப் பட்டம் தரும். இங்கே 30 சதவீதமாவது படித்தாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'போக முடியாதவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? ஆன்லைன் படிப்பு இந்த விதிமுறைக்குள்ளேயே வராது. வெளிநாட்டுப் பெயரை வாடகைக்கு எடுத்து நடத்துகிற ஃபிரான்சைஸ் ஏற்பாட்டுக்கும் அனுமதி இல்லை.

நான் இவ்வளவு துருவுவதற்குக் காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு படிப்பில் சேரச் சொல்லி ஒரு பையனை நானே அனுப்பினேன். மூன்றாம் வருஷம் கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்துபோயிருந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு அவன் இங்கேயே முடித்தான். முடிவுத் தேதி என்ன என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

அதனால் திங்கட்கிழமை நீங்களே நேரில் போங்கள், ஏஜெண்டு வேண்டாம். ஒப்பந்தம் எந்தத் தேதி வரை? சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? போன வருஷம் இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் நிஜமாகவே அங்கே போனார்கள், அதில் ஒருவரோடு போனில் பேச முடியுமா? விசா கிடைக்காவிட்டால் இங்கே படித்த கிரெடிட் என்னவாகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் 'சரி சார்' என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், பணம் மட்டும் கட்டாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது பாப்பா மெதுவாக, 'பாளையங்கோட்டையில பி.எஸ்சி. படிச்சிட்டு, எம்.எஸ்சி.க்கு வெளிநாடு போனா ஆகாதா சார்?' என்று கேட்டாள். தாராளமாக ஆகும் என்றேன். செலவும் குறையலாம். அதை அவள் உங்களிடம் சொன்னாளா?

நோட்டீஸ் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலையிலேயே வாருங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு.