அறை வாடகை 3,000 ரூபாய் கூடினால், பில்லில் எவ்வளவு கூடும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. அடுத்த மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அவர் பெயரில் 3 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் பிரீமியம் கட்டுகிறோம். அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1% வரைதான் என்று பாலிசியில் இருக்கிறது. அம்மா கூடவே தங்க வசதியாக 6,000 ரூபாய் ஏசி தனி அறை எடுக்க நினைக்கிறோம். ஐந்து நாளுக்கு அதிகமாகும் 15,000 ரூபாயை நாங்களே கட்டிவிடுவோம். கேஷ்லெஸ் என்பதால் வேறு பணம் தேவைப்படாதுதானே? இப்போது காப்பீட்டுத் தொகையைக் கூட்டினால் உதவுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உதவாது. பாலிசியைப் புதுப்பிக்கும்போதுதான் தொகையைக் கூட்ட முடியும். கூட்டிய பகுதிக்குக் காத்திருப்புக் காலமும், அதாவது சில சிகிச்சைகளுக்குக் கிளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலமும், புதிதாகத் தொடங்கும். அடுத்த மாத ஆபரேஷனுக்கு உங்கள் கையில் இருப்பது 3 லட்சம்தான்.

அந்த 15,000 ரூபாய்க் கணக்குதான் எனக்குக் கவலை தருகிறது. பலரும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் மருத்துவமனைக்குள் போகிறார்கள். உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வாடகை நாளொன்றுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறைக்குப் போனால் காப்பீட்டு நிறுவனம் வாடகையை மட்டும் பாதியாக்குவதில்லை. சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்கும். பல மருத்துவமனைகளில் அறை உயர உயர இந்தக் கட்டணங்களும் உயர்வதுதான் அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வாடகை 30,000. டாக்டர்கள், தியேட்டர், நர்சிங் சேர்ந்து 1,10,000. செயற்கை மூட்டு 70,000. மருந்தும் பரிசோதனைகளும் 30,000. கையுறை முதலான, காப்பீட்டில் வராத சில்லறைச் சாமான்கள் 10,000. மொத்தம் 2,50,000. இதில் வாடகைக்கு 15,000, டாக்டர் வகையறாவுக்கு 55,000 மட்டுமே வரும். செயற்கை மூட்டு, மருந்து, பரிசோதனை ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டுக் கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. அதனால் அந்த ஒரு லட்சம் முழுதாக வரும். ஆக நிறுவனம் தருவது 1,70,000. உங்கள் கையிலிருந்து போவது 80,000. இதுபோக, 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைக்கு 5% ஜி.எஸ்.டி. உண்டு. 3,000 ரூபாய் அறையில் இதே சிகிச்சைக்கு நீங்கள் கட்டுவது சுமார் 10,000 மட்டுமே.

அம்மாவின் வசதி முக்கியம்தான். ஆனால் ஐந்து இரவுக்கு 70,000 ரூபாய் கூடுதல் என்றால், பக்கத்தில் நல்ல லாட்ஜில் ஒரு அறை போட்டாலும் மிச்சம் இருக்கும்.

அட்மிஷனுக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் போய் உட்காருங்கள். “ரூமைப் பொறுத்து டாக்டர் ஃபீஸ் மாறுமா?” என்று கேளுங்கள். மாறாத மருத்துவமனை என்றால் இந்த விகிதக் கழிப்பையே செய்யக் கூடாது என்பது விதி. அப்படியானால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு தனி அறையைப் பற்றி யோசிக்கலாம். வாடகையோடு நர்சிங் கட்டணமும் சேர்ந்துதான் அந்த 3,000-மா என்று பாலிசியிலும் பாருங்கள். பல பாலிசிகளில் அப்படித்தான் இருக்கும். அப்போது 2,800 ரூபாய் அறைகூட வரம்பைத் தாண்டிவிடும். அப்பாவின் பாலிசி மூத்த குடிமக்களுக்கானது என்றால் கோ-பே, அதாவது பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டவேண்டும் என்ற நிபந்தனை, உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். நான் போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

கேஷ்லெஸ் என்றாலும் கையில் பணம் வேண்டும். சேரும்போது அட்வான்ஸ் கேட்பார்கள். காப்பீட்டில் வராததைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். அதைக் கார்டிலோ வங்கி வழியாகவோ கட்டுங்கள். ஒரே சிகிச்சைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாலும் கணக்கு ஒன்றுதான்.

பணத்தைவிட அதிகமாகக் காலை வாருவது அட்மிஷன் நேரத்துப் பேச்சு. டியூட்டி டாக்டர் “சுகர் எத்தனை வருஷமா இருக்கு?” என்பார். பதற்றத்தில் யாராவது “அது இருக்கும் பத்து வருஷம்” என்று சொல்லிவைப்பார்கள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். நான்கு வருடப் பாலிசியில் பத்து வருடச் சர்க்கரையா, பாலிசி எடுக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கிளெய்ம் நின்றுவிடும். பாலிசி ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பொய் சொல்லச் சொல்லவில்லை. பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்து, சரியான வருடத்தைத் தெரிந்துகொண்டு, விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் பதில் சொல்லுங்கள். சம்மரியில் தவறாக ஏறியிருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள். வலது காலா இடது காலா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். செயற்கை மூட்டின் ஸ்டிக்கரும் அதன் பில்லும் ஃபைலில் இருக்க வேண்டும். இந்த மூட்டுகளுக்கு 2017-லிருந்து அரசு விலை உச்சவரம்பு இருப்பதால், பில்லில் போட்டிருக்கும் விலையைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

டிஸ்சார்ஜ் அன்று பொறுமை தேவை. மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் ஏறும் கூடுதல் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2024 மே மாத விதி. ஆனால் பெரும்பாலும் அந்தக் கோரிக்கை பில்லிங் பிரிவிலிருந்து கிளம்புவதற்கே மதியம் ஆகிவிடும். முந்தைய நாள் மாலையே ஃபைனல் பில்லைத் தயார் செய்யச் சொல்லுங்கள். ஐட்டம் வாரியான பில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நியாயமில்லாமல் கழித்திருந்தால் முதலில் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அப்புறம், பிசியோதெரபி. மூட்டு மாற்றத்தில் பாதி வேலை வீடு திரும்பிய பிறகுதான். டிஸ்சார்ஜுக்குப் பின் பெரும்பாலும் 60 நாள் வரையிலான செலவைப் பாலிசி ஏற்கும். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும், ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்ட ரசீதும் வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாளில் எடுத்த எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை பில்களையும் அதே ஃபைலில் போட்டு வையுங்கள்.