ஏடிபி (செல்லுக்கு சக்தி தர்ற மூலக்கூறு) தீர்ந்தா தசை தளரணும்தானே, செத்த உடம்பு ஏன் விறைக்குது?

தசை இழுக்குறதுக்கு மட்டும் இல்ல, பிடிய விடுறதுக்கும் ஏடிபி வேணும், அதான் தீர்ந்ததும் தளராம கட்டையாகுது. தசைக்குள்ள மயோசின், ஆக்டின்னு ரெண்டு புரத இழை இருக்கு; மயோசினோட தலை ஆக்டின் இழையப் பிடிச்சு இழுத்தப்புறம் புது ஏடிபி ஒண்ணு வந்து அதுல ஒட்டினாத்தான் கழண்டு வரும், வரலைன்னா பிடிச்ச பிடிதான்.

நீங்க குழம்புனது அனேகமா "ஏடிபி உடைஞ்சா தசை சுருங்கும்"னு ஒரே வரியா படிச்சதால. உடையும்போது தலை நிமிர்ந்து தயாராகுது, அவ்ளோதான். ஆக்டினைப் பிடிச்சு, ஏடிபி உடைஞ்சதுல வந்த பாஸ்பேட்டை வெளிய விடுற நேரத்துலதான் இழுப்பு நடக்குது.

ஒண்ணு பண்ணுங்க, இந்த சுழற்சிய பேப்பர்ல வட்டமா வரைஞ்சு "ஏடிபி ஒட்டுது"ங்கற இடத்த மட்டும் ரப்பர் வெச்சு அழிங்க, எல்லாத் தலையும் ஆக்டின்ல மாட்டுன நிலையிலயே வந்து நிக்கும்.

இதுல பலபேர் விடுறது கால்சியம், அதுதான் ஆக்டின்ல மயோசின் பிடிக்கிற இடத்தத் திறந்துவிடுது. அதத் திரும்ப தசை செல்லுக்குள்ள இருக்குற சேமிப்புப் பைக்குள்ள தள்ளுற பம்ப்பும் ஏடிபிலதான் ஓடுது, அது நின்னா ஆக்டின்ல பிடிக்கிற இடமெல்லாம் திறந்தே கிடக்கும், அதனால பிடி இன்னும் கூடும்.

ஆனா ஒண்ணு, ஒண்ணு ரெண்டு நாள்ல விறைப்பு போறது ஏடிபி திரும்பி வந்ததால இல்ல, என்சைம் புரதத்தையே சிதைக்கிறதால. பரீட்சையில அத சாதாரண தசைத் தளர்வுன்னு எழுதிடாதீங்க.