வகுப்பில் அதிபர் உரை: பெற்றோர் மறுத்தால் பள்ளி என்ன செய்யும்?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பல வருடம் சமூக அறிவியல் நடத்தியவள் நான். நாட்டின் அதிபர் போன்ற தலைவர்களின் உரையை வகுப்பில் காட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

டீச்சர், 2009இல் அதிபர் ஒபாமா மாணவர்களிடம் பேசியதற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு? நன்றாகப் படியுங்கள் என்றுதானே சொன்னார்?

சிக்கலைப் பெரிதாக்கியது உரை இல்லை, அதோடு வந்த தாள். செப்டம்பர் 8 அன்று வர்ஜீனியா மாநிலம் ஆர்லிங்டனில் உள்ள வேக்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் அவர் பேசினார். அதற்கு முன்பே கல்வித்துறை ஆசிரியர்களுக்குச் சில வகுப்புப் பயிற்சிகளை அனுப்பியிருந்தது. அதில் ஒன்று, அதிபருக்கு உதவத் தான் என்ன செய்யலாம் என்று பிள்ளை தனக்கே ஒரு கடிதம் எழுதுவது. அதிபருக்கு உதவ! அவருக்கு ஓட்டுப் போடாத வீட்டில் இதை எப்படிப் படிப்பார்கள்? ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு எதிரணியான குடியரசுக் கட்சியின் ஃப்ளோரிடா மாநிலத் தலைவர், சோஷலிசத்தைப் பிள்ளைகளிடம் திணிக்கிறார்கள் என்று அறிக்கை விட்டார். உடனே கல்வித்துறை அந்த வரியை மாற்றி, தங்கள் படிப்பு இலக்குகளை எப்படி அடையலாம் என்று எழுதச் சொன்னது.

உரையின் முழு வாசகத்தை வெள்ளை மாளிகை முந்தைய நாளே வெளியிட்டது. சிறுவயதில் இந்தோனேசியாவில் இருந்தபோது ஒபாமாவை அவர் அம்மா விடிகாலை நாலரைக்கு எழுப்பிப் பாடம் சொல்லிக்கொடுத்த கதைதான் அதில் எனக்குப் பிடித்தது. ஆனால் வாசகம் வெளியான அன்று தொழிலாளர் தின விடுமுறை; அமெரிக்காவில் அது செப்டம்பரின் முதல் திங்கள்கிழமை. வாசகம் கைக்கு வருவதற்குள் பல பள்ளிகள் முடிவெடுத்துவிட்டன. கோபப்பட்ட பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். பத்து நாள் முன்னதாக வாசகம் வந்திருந்தால் பாதிக் கோபம் கிளம்பியே இருக்காது.

பள்ளிகள் என்ன செய்தன?

ஊருக்கு ஒரு மாதிரி. அங்கே இதையெல்லாம் முடிவு செய்வது உள்ளூர்ப் பள்ளி மாவட்டம்தான், அதாவது அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. சில இடங்களில் நேரலையாகக் காட்டினார்கள், சில இடங்களில் ஆசிரியர் விருப்பத்துக்கு விட்டார்கள், சிலர் பதிவு செய்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்று கடிதம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு வேறு வேலை தந்த பள்ளிகளும் உண்டு.

குடியரசுக் கட்சிக்காரர்கள் மட்டும்தான் இப்படி எதிர்த்தார்களா?

இல்லை. 1991 அக்டோபரில் அப்போதைய அதிபர், குடியரசுக் கட்சிக்காரரான மூத்த புஷ், வாஷிங்டனில் ஆலிஸ் டீல் பள்ளியிலிருந்து மாணவர்களிடம் பேசினார். கல்வித்துறைப் பணத்தில் விளம்பரமா என்று அப்போது ஜனநாயகக் கட்சியினர் கேட்டார்கள். யார் பேசினாலும் ஒரே விதி என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாத பள்ளி, எந்தக் கட்சிக்காரரிடமும் நல்ல பெயர் வாங்க முடியாது.

பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குச் சட்ட உரிமை உண்டா?

மதக் காரணமும் அரசியல் காரணமும் சட்டத்தின் முன் ஒன்றில்லை. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி வழக்கில், 2025 ஜூனில், சில கதைப் புத்தகங்களை மத நம்பிக்கைக்காக மறுத்த பெற்றோர் பக்கம் உச்ச நீதிமன்றம் நின்றது. எனக்கு இந்த அதிபரைப் பிடிக்காது என்பதற்கு அந்தத் தீர்ப்பு உதவாது. மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். டெக்சாஸில், மதத்துக்கோ தங்கள் நெறிக்கோ முரணான வகுப்பிலிருந்து பிள்ளையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ள எழுத்தில் கேட்கலாம். ஆனால் தேர்வைத் தவிர்க்க அதைப் பயன்படுத்த முடியாது. நடைமுறையில் இருபது நிமிட உரைக்காக எந்தப் பிரின்சிபலும் கோர்ட் வரை போகமாட்டார். கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நான் ஆசிரியை. விலகி இருக்கும் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

இதை ஒருவராவது கேட்டீர்களே, சந்தோஷம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், அப்பா கடிதம் கொடுத்திருந்த பையனை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம், என்ன தப்பு செய்தாய் என்று அவனைக் கேட்டார்கள். அப்பாவின் முடிவுக்கு மகனுக்குத் தண்டனை கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. அது எங்கள் தவறு. அப்புறம் வழக்கத்தை மாற்றினோம். நூலகத்தில் ஒரு மேசை, கூட ஒரு ஆசிரியர், அதே மதிப்பெண்ணுக்கு அதே பாடத்தில் வேறு வேலை. ஒரு முறை பழைய அதிபர் ஒருவரின் பதவியேற்பு உரையை வாசிக்கக் கொடுத்தோம். காரணத்தை வகுப்பில் யாரும் பேசக்கூடாது, ஆசிரியரும் சேர்த்து.

இந்தியாவில் 2014 ஆசிரியர் தினத்தன்று பிரதமர் மோடி பள்ளி மாணவர்களிடம் பேசினாரே, அதுவும் இதே கதையா?

கிட்டத்தட்ட. எதிர்ப்பு வந்ததும், கட்டாயம் இல்லை, விருப்பம்தான் என்று மத்திய கல்வி அமைச்சர் சொன்னார். ஆனால் டி.வி., ஸ்பீக்கர் ஏற்பாடு செய்யச் சொல்லி மேலிடத்துச் சுற்றறிக்கை வந்த பிறகு எந்தத் தலைமையாசிரியர் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வார்?

சரி, பள்ளிக்கு என்னவென்று எழுதுவது?

முதலில் மறுக்காதீர்கள், கேளுங்கள். எந்த உரை, எந்த வகுப்பில், எதற்காக, முழுதாகவா பகுதியாகவா, அதன் பிறகு பிள்ளை என்ன எழுத வேண்டும். அந்தப் பயிற்சித்தாளின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். 2009இல் சண்டையைக் கிளப்பிய வரி அப்படி ஒரு தாளில்தான் இருந்தது.