கிளினிக் திறக்கும் முன் உங்கள் மகள் எழுதிப் பழக வேண்டிய கணக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பல் மருத்துவத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை முடித்து ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியில் இருக்கும் மகளுக்கு, பயிற்சி முடிந்த கையோடு தோட்டத்தில் ஓர் ஏக்கரை விற்றுக் கிளினிக் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. வரவு செலவைக் கையாளும் பழக்கம் இன்னும் அவருக்கு வாய்க்கவில்லை என்பதே காரணம்.

ஈரோட்டில் ஒரு கிளினிக்கின் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. அங்கே மேசை டிராயர்தான் கல்லாப்பெட்டி. காலையில் பல் பிடுங்கிய பணம் அதில் விழும். மதியம் லேப் பையன் கிரவுன், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, கொண்டுவந்தால் அதற்கான கூலியை அதிலிருந்தே கொடுப்பார்கள். மாலையில் வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் அதுதான். நாள் முழுவதும் நோயாளிகள் வந்தும் மாதக் கடைசியில் கடன் தவணைக்குப் பணம் போதவில்லை. தேடிப் பார்த்தபோது சிக்கல் பல் கிளிப்பில் இருந்தது. கிளிப் மாட்ட 40,000 ரூபாய் பேசி 25,000 முன்பணம் வாங்கினால், அது அன்றைய வருமானம் ஆகிவிடாது. அடுத்த ஒன்றரை ஆண்டு மாதந்தோறும் அந்த நோயாளிக்குச் செய்ய வேண்டிய வேலைக்கான பணம் அது. அந்த மருத்துவர் அதை முதல் மாதமே செலவழித்துவிட்டதால், பின்னாளில் நாற்காலி நிறைந்திருந்தும் கல்லா காலியாக இருந்தது.

மஞ்சள் போடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலை எவ்வளவு ஏறினாலும் விதை மஞ்சளை விற்க மாட்டீர்கள். கம்ப்ரசரும் நாற்காலியும் ஒருநாள் பழுதாகும் என்பதால் மாதந்தோறும் ஒரு தொகையை அப்படியே தனியாக எடுத்து வைக்க வேண்டும். கிளினிக்குக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, மகள் அதிலிருந்து மாதச் சம்பளமாக ஒரே தொகையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனாலேயே கருவி வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற முடியாது, விலை பேசும்போது அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் மருத்துவர், பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம். வரித்துறை கணக்குப் புத்தகம் கேட்காவிட்டாலும், ஒரு வேர்ச்சிகிச்சையில் லேப் கூலி, பொருள், வாடகை, உதவியாளர் சம்பளம் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே பயிற்சி முடிந்ததும் திருப்பூரிலோ ஈரோட்டிலோ மூத்த மருத்துவர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள் வேலை பார்க்கட்டும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்த பிறகு கூட்டம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்கட்டும். அனுமதி கேட்டு, மாலையில் அரைமணி நேரம் வரவேற்பு மேசையில் அமர்ந்து அன்றைய வரவு, லேப் பாக்கி, நோயாளிகளின் நிலுவை மூன்றையும் தன் கையால் எழுதட்டும். ஆறு மாதம் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். நிலத்தைப் பற்றி அன்று பேசுவோம்.