ஆவாரங்காட்டில் மரக்கன்று

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து, ஊருக்கு வெளியே உள்ள தரிசைச் சுத்தம் செய்து மரக்கன்று நடுகிறோம். பாதி முடிந்துவிட்டது. அங்கே பிடுங்கிய ஆவாரஞ்செடி ஒன்றை வீட்டுத் தொட்டியில் வைத்தேன், கருகிவிட்டது. ஏன்? ஆவாரம்பூ தேநீர் சர்க்கரைக்கு நல்லதா?

தங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

தேநீரைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். செடி கருகியது ஆணிவேர் அறுந்ததால். விதை போட்டு வளர்த்துப் பாருங்கள், வரும். அந்தத் தரிசைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். கொஞ்ச நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது.

மரம் நடுவதை யார் தப்பென்றது? ஆனால் மரமில்லாத நிலமெல்லாம் மரத்துக்காக ஏங்கிக் கிடக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? சரளை மண், சுள்ளென்ற வெயில், எப்போதாவது ஒரு மழை. ஆவாரைக்கு வேண்டியது அதுதான். ஆடுகூட அதைச் சீண்டாது. நிழல் விழுந்தால்தான் அது நலியும்.

ஒரு காலையில் அந்தப் பூவின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் எளிதில் கொட்டாது, மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். மரத்தைக் குடைந்து கூடு கட்டும் பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் இல்லை அது, வேறு சுருதி. அந்த அதிர்வில்தான் தூள் வெளியே தெறிக்கும். அப்புறம் இலைகளைப் புரட்டிப் பாருங்கள், மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு இருக்கலாம். புதரடியில் கௌதாரி, வெட்டவெளிக் கூழாங்கற்களுக்கு நடுவே கல்லைப் போலவே ஆட்காட்டிக் குருவியின் முட்டை. நீங்கள் நடும் மரம் வளர்ந்தால் காக்கை அதில் உட்கார்ந்து அந்த முட்டைகளை நோட்டம் பார்க்கும்.

பொங்கலுக்குக் காப்புக்கட்ட சிறுபீளையும் ஆவாரம்பூவும் தேடி அலைகிறோம். காதல் கைகூடாமல் பனைமடல் குதிரையில் ஏறி ஊரறிய வந்த சங்கப் பாடல் தலைவன் சூடியதும் இந்தப் பூதான். அது நிற்கிற நிலத்தை மட்டும் குப்பை என்று நினைப்பீர்களா? கோபம் வருகிறது, தம்பி. உங்கள் மேல் இல்லை, உங்களுக்கு இதை யாருமே சொல்லித்தராமல் விட்டதன் மேல்.

மீதிப் பாதியைத் தொடாதீர்கள். கையிலிருக்கும் கன்றுகளைச் சாலையோரத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும் நடுங்கள், தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்கும். சுத்தம் செய்த பாதியிலும் அடிக்கட்டை தப்பியிருந்தால் மழைக்கு ஆவாரை மறுபடி துளிர்க்கும். களை என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.