மார்கழிக் குளிரில் பறவைகளுக்கு என்ன வைப்பது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் மாந்தோப்பை ஒட்டி வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். குளிர்காலத்தில் தோட்டத்துப் பறவைகளுக்குக் கொழுப்பு உருண்டை, சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் தொங்கவிடுவதை வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்தேன். நானும் தட்டில் கம்பும் அரிசியும் போட்டுப் பார்த்தேன், புறாவும் காக்காவும்தான் வருகின்றன. பனியில் வாடும் சின்னப் பறவைகளுக்கு என்ன வைப்பது?

பதில்: கவலையே வேண்டாம், நம் ஊர்ப் பறவைகள் மார்கழியில் வாடுவதில்லை. அந்த வீடியோக்கள் எடுத்த ஊர்களில் பனி தரையையே மூடிவிடும், பிரிட்டனில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்தான், புழு பூச்சி கண்ணில் படாது. விரல் நீளப் பறவை ஒன்று அந்த நீண்ட ராத்திரியைத் தாண்ட வேண்டுமென்றால் உடம்பில் கொழுப்பு இருக்க வேண்டும், அதற்குத்தான் கொழுப்பு உருண்டை. இங்கே தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாதுதான், ஆனாலும் ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு செடி கொடியெல்லாம் பூச்சி, கொல்லையில் ராகி அறுவடை, ரோட்டில் போட்டு அடித்த தானியம் ஓரமெல்லாம் சிதறிக் கிடக்கும். பறவைகளுக்கு இது நல்ல காலம். கஷ்டகாலம் என்றால் பங்குனி, சித்திரைதான், அப்போதும் தீனியைவிடத் தண்ணீர்தான் முக்கியம்.

ஆக, நீங்கள் இப்போது தீனி வைப்பது பறவைகளைக் காப்பாற்ற அல்ல, பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் முறை கொஞ்சம் மாற வேண்டும்.

தட்டில் தானியம் கொட்டினால் புறாதான் வரும், அதற்கு வசதியாக உட்காரத் தட்டையான இடம் போதும். தட்டை எடுத்துவிட்டு, தெரிந்தவர் கொல்லையில் நாலைந்து கம்பங்கதிரோ தினைக்கதிரோ கேட்டு வாங்கி, சேர்த்துக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். புறாவின் கனத்துக்கு அதில் தொற்ற முடியாது. சிட்டுக்குருவி காம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தொங்கும், ஒரு மணியைப் பிடுங்கி அலகின் ஓரத்தில் வைத்து உருட்டும், தினையாக இருந்தால் உமி மட்டும் கீழே உதிர்வது தெரியும். சில்லைகள் என்ற சின்னத் தானியம் தின்னிகளும் வரலாம். காக்காவுக்குச் சோறு வைக்கிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டாம், மதிலின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், குழம்பு ஊற்றாத சோறாக இருக்கட்டும். உப்பு, காரம், மிக்சர் எதுவும் ஆகாது. பூசணம் பிடித்த வேர்க்கடலையைக் ‘குருவிக்குத்தானே’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பூஞ்சை நஞ்சு பறவைக்கும் நஞ்சுதான்.

கொண்டைக்குருவி, மைனா, குக்குறுவான் எல்லாம் பழத்துக்கு வரும். கனிந்த பப்பாளித் துண்டையோ பாதி கொய்யாவையோ கிளையில் குத்தி வையுங்கள், சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நீங்கள் வீடியோவில் பார்த்தது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ரீங்காரச் சிட்டாக (ஹம்மிங்பேர்ட்) இருக்கும். நம் தேன்சிட்டுக்கு ஒரு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூச் செடி போதும். நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் புளித்துப்போகும், கழுவி மாளாது.

தண்ணீர் மட்டும் எந்தக் காலத்திலும் வையுங்கள். அகலமான மண்சட்டி, ஓரத்தில் விரற்கடை ஆழம், நடுவில் ஒரு கல். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிவிடும், பொட்டல் நடுவில் வைத்தால் வல்லூறுக்குப் பயந்து சின்னப் பறவை வராது, புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருந்தால் சரி. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பறவைகளுக்கே வரும் நோய். பிரிட்டனில் 2005 வாக்கிலிருந்து பச்சைப் பிஞ்ச் என்ற தோட்டத்துப் பறவை கூட்டம் கூட்டமாகச் செத்தது, தொண்டையைப் பாதிக்கும் ஓர் ஒட்டுண்ணி நோயால். அது பரவியதில் பல பறவைகள் ஒன்றாக வாய்வைக்கும் தீனித்தட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பங்குண்டு. இதே நோய் புறாக்களுக்கும் வரும். அதனால் உப்பிய இறகோடு, விழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் புறாவைப் பார்த்தால் இரண்டு வாரத்துக்குத் தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள், பறவைகள் கலைந்து போகட்டும்.

தோப்பை ஒட்டிய வீடு என்பதால் இன்னொன்று. மா பூக்கும் பருவத்தில், பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். என்றைக்கு அடிக்கிறார்கள் என்று தோப்புக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், மறுநாள் கழுவி வைக்கலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் பெரிய விஷயம். பனிக்காலத்தில் நம் பக்கம் வரும் விருந்தாளிகளில் பலவும் தானியத்தைத் திரும்பிப் பார்க்காத பூச்சி தின்னிகள். கம்பி மேலோ காய்ந்த கிளை நுனியிலோ கண்ணில் கருப்புப் பட்டை கட்டினாற்போல ஒரு பழுப்புப் பறவை உட்கார்ந்து கரகரவென்று கத்தினால் அது பழுப்புக் கீச்சான், வடகிழக்கு ஆசியாவிலிருந்து வருவது. தரையில் வெட்டுக்கிளியைப் பார்த்ததும் சரேலென்று இறங்கும், திரும்பவும் அதே கிளைக்குத்தான் போகும், அதனால் ஒருமுறை இடத்தைக் கண்டுகொண்டால் தினமும் பார்க்கலாம். வேலிப்புதருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் மட்டும் வந்தால் பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம், அது லேசில் முகம் காட்டாது. தொட்டி ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நடப்பது வாலாட்டி. கொடுப்பினை இருந்தால், நீளமான வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் உங்கள் மாமரத்துக்கே வரும். இவை எல்லாவற்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தோட்டத்தைத் துடைத்துவைக்காதீர்கள். வேலி ஓரச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் விடுங்கள், பூச்சிமருந்தை நிறுத்துங்கள், கறிவேப்பிலைப் பழத்தைப் பறிக்காமல் விடுங்கள்.

பார்க்க நல்ல நேரம் பனி விலகி வெயில் மரத்து உச்சியில் விழுகிற முதல் ஒரு மணி நேரம், அப்போதுதான் பூச்சி கிளம்பும், பின்னாலேயே பறவை வரும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது. அதைவிடப் பெரிதாகக் காட்டக் காட்டக் கை நடுக்கம்தான் அதிகமாகத் தெரியும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், வீட்டு வாசலில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிந்தால் போதும். அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். காக்காவும் புறாவும் மட்டும்தான் வந்தன என்றால் அதையே எண்ணி எழுதுங்கள்.